விலையைச் சொன்ன பிறகு

'முன் அனுபவம்' என்ற கோட்டின் மேல்
நண்டு என்று எழுதியிருந்தேன்.
யெர்கோ இரண்டு முறை படித்தார்.
"நண்டு விற்றீர்களா?"
உடைத்தேன்.
ஒன்பது வருடம், துறைமுகத்துக்குப் பின்னால்,
நீராவியும் உப்பும் ஒழுகும் கூடத்தில்,
ராஜ நண்டின் கால்களைக் கணுக்கணுவாக.
'படிப்பு' என்ற இடத்தில் எட்டு.
எட்டில் பாஸா என்று அவர் கேட்கவில்லை.

புந்தா அரேனாஸில் காற்று
யாரும் அனுப்பாமலே வீடு வீடாகப் போகும்.
நாங்கள் விற்பது அதற்கு எதிரான சரக்கு:
இரட்டைக் கண்ணாடி ஜன்னல்,
நடுவே ஒரு விரல் அகலத்துக்கு
அசையத் தெரியாத காற்று.
சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்.
"இழப்பதற்கு ஒன்றுமில்லை" என்றார் யெர்கோ.
தன்னைத்தான் சொன்னார் என்பது பிறகு புரிந்தது.

முன்பு இருந்த பையனின் கோட்டைக் கொடுத்தார்கள்.
பாக்கெட்டில் அவன் எழுதிவைத்த துண்டு:
புன்னகை. பெயர். மூன்று நன்மைகள்.
தயங்கினால் உடனே
அதற்கு மேல் மழை குடித்திருந்தது.

முதல் வாரம் நாற்பத்தொரு கதவு.
ஒருவர் என்னைச் சபை ஊழியக்காரி என்று நினைத்து
ஏற்கெனவே ரட்சிக்கப்பட்டாயிற்று என்றார்.
ஒரு பெண் தேநீர் ஊற்றி
கணவனின் நுரையீரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி
வாங்காமல் அனுப்பினாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்.
எனக்கும் வாய் இருந்தது,
திறந்தால் மன்னிப்பாகவே வந்தது.
மன்னிக்கவும், தொந்தரவுக்கு.
மன்னிக்கவும், இந்த விலைக்கு.
கொஞ்சம் அதிகம்தான் என்று
அவர்கள் சொல்லும் முன் நானே சொன்னேன்.
மூன்று பேருக்குக் கேட்காமலே தள்ளுபடி தந்தேன்.
மூவரும் கதவைச் சாத்தினார்கள், மரியாதையாக.

அக்டோபரில் மையத் தெருக்களில்
மனிதர்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்கள்.
கயிறு முடிந்த இடத்திலிருந்து மேட்டில் ஏறினேன்.
மஞ்சள் தகர வீடு. நாற்பத்தேழாவது.
திறந்தவள் நோர்மா மன்சீயா.

வரிசையில் வாய் திறந்தால்
கால் நாள் கூலி வெட்டியவள்.
அந்த விசில் இன்னும் தொங்குகிறதா என்று
கழுத்தைப் பார்த்தேன். சால்வைதான் இருந்தது.
"நீயா? ஜன்னலா?"
சிரித்துக்கொண்டே உள்ளே விட்டாள்.

மூடிய ஜன்னலில் திரை அசைந்தது.
மணிக்கட்டைச் சட்டத்தில் வைத்தேன்;
நண்டு முள் கிழித்த தழும்பில்
குளிர் முதலில் தெரியும்.
அளந்தேன். நான்கு ஜன்னல்.
தொகையைச் சொன்னேன்.

மன்னிப்பு தொண்டை வரை வந்துவிட்டது.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்,
வரிசையின் முனையில் நின்று பார்ப்பாளே, அப்படி.
என் வாய் மூடிக்கொண்டது,
பழக்கம்.

கெட்டில் கொதித்தது. அடங்கியது.
கூரையில் ஒரு தகரம்
ஆணி கழன்று அடித்துக்கொண்டே இருந்தது.
நான் பேசவில்லை.
ஷிப்ட் முழுக்கப் பேசாமலிருக்க
என்னைப் பழக்கியவள் அவள்.
அவளை யாரும் பழக்கவில்லை.

"பழைய சிநேகத்துக்குக் குறைக்கமாட்டாயா?"
எந்தச் சிநேகம் என்று கேட்கவில்லை.
தலையை மட்டும் இடவலமாக ஆட்டினேன்.
"தவணையாவது?"
தவணை உண்டு.

கையெழுத்துக்கு நேரம் பிடித்தது.
பேனாவை முஷ்டிக்குள் வைத்து,
நாக்கைக் கடித்து,
ஒவ்வோர் எழுத்தாக இறக்கினாள்.
நடுவிரல் மடங்கவே இல்லை.
மேற்பார்வைக்கு வருமுன்
அவளும் எத்தனை வருடம் உடைத்தாளோ.
எட்டுக்கூட எட்டியிருக்கமாட்டாள்.
தள்ளுபடி நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன். நான்கு ஜன்னலின் கமிஷன்
என் வாடகை.

"என்ன சொல்லி விற்றாய்?" என்றார் யெர்கோ.
தொகையை, என்றேன்.
அவர் மிச்சத்துக்குக் காத்திருந்தார்.
கோட்டின் பாக்கெட்டில் அந்தத் துண்டைத் தேடினேன்,
ஈரத்தில் மாவாகியிருந்தது.

வித்தை பிடிபட்டுவிட்டது என்று தூங்கப்போனேன்.
மறுநாள் நாற்பத்தெட்டாவது கதவில்
பழையபடி உளறினேன்,
காற்றுக்குக்கூட மன்னிப்புக் கேட்டேன்.
அந்த வீட்டில் ஆறு ஜன்னல் வாங்கினார்கள்.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.