பொன்னுக்கு வீங்கி

சால்ட்டோவில் ஜூலைதான் குளிர்காலம்,
ஆரஞ்சு பழுத்து உதிரும் மாதம்.
பதினாலு வயதில், ஓர் இரவில்,
கணக்கு டீச்சர் எல்விராவின் ஜன்னலில்
நான்தான் எறிந்தேன்.
பழம் இல்லை, பழமளவு கல்.
பரீட்சையில் சைபர் போட்டார் என்பதற்காக.

கண்ணாடி விழுந்தது.
உள்ளே ரேடியோ நின்றது.
யாரது என்று அவர் கேட்கவில்லை,
விளக்கை மட்டும் அணைத்தார்.

மணமாகும் முன்பே மனைவியிடம் சொல்லிவிட்டேன்,
மறைத்தான் என்று ஆகிவிடக் கூடாதே.
பக்கத்து வீட்டு நாயை மகள் கல்லால் அடித்தபோது
உட்காரவைத்து அவளிடமும்.
கோபம் வரும்போதெல்லாம்
வலது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன்,
முப்பத்தாறு வருஷமாய்.

கூடப் படித்தவர்கள் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை,
மாத்தே குவளை கைமாறி வந்துகொண்டிருக்க
நெல்பியா சிரித்தாள்:
"நீயா? உனக்கு அந்த வாரம் பொன்னுக்கு வீங்கி.
கன்னம் இரண்டும் பூசணியாய்க் கட்டிலில் கிடந்தாய்.
வீட்டுப்பாடம் கொண்டுவந்தவள் நான்."

அடுப்பில் கரியைக் கிளறியபடி
வால்டெமார் நிமிராமல் சொன்னான்:
"எறிந்தது நான்."
அவன் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.
அவளும் கேட்டிருப்பாள் போல, மணமாகும் முன்பே.

"எத்தனை கல்தான் தாங்கும் ஒரு ஜன்னல்?" என்றாள் நெல்பியா.
யாரோ இறைச்சியைத் திருப்பிப் போட்டார்கள்.

பள்ளி அலுவலகத்தில் வேலை அவளுக்கு.
மறுநாள் போனில் ஒரு படம்:
பழைய வருகைப் பதிவேடு,
என் பெயருக்கு நேரே
திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து சிவப்புக் கோடு.

நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?
வீடு புகுந்த திருடன்
ஒரே ஒரு நாற்காலியைத் தூக்கிப்போனதுபோல் இருந்தது.
உட்காரப் போய் உட்காரப் போய் விழுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கோடு கிழித்தது எல்விராவின் கை.
ஏழு போலச் சாயும் அந்த ஒன்று
எனக்குத் தெரியாதா.
காய்ச்சலுக்குக் கிழித்தாரா,
எனக்காகக் கிழித்தாரா?
கேட்கலாம் என்றால் அவர் போய்ப் பத்து வருஷம்.

கையை முகர்ந்தேன்.
ஆரஞ்சுத் தோல்.
காலையில் உரித்ததாக இருக்கலாம்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு அவள்
எந்த நாயையும் அடித்ததில்லை.
அப்படித்தான் என் ஞாபகம்.