மூன்றாம் யன்னல்

வெல்லாவெளிப் பிரதேச செயலகத்தில்
மூன்றாம் யன்னல் என்னுடையது.
"சேர் மீட்டிங், நாளைக்கு வாங்க."
இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சீனித்தம்பி அண்ணரின் சுவரை யானை தள்ளியது
போன மாரிக்கு முந்தின மாரி.
நட்டஈட்டுக்கு ஜீ.எஸ். கடிதம் வேண்டும்,
கடிதத்துக்குப் படம் வேண்டும்.
படத்தில் யானை இல்லையென்று
கொழும்பிலிருந்து கோப்பு திரும்பி வந்தது.
பதினொரு தடவை வந்தார்.

பன்னிரண்டாவது தடவை மகன் வந்தான், கிதுசன்.
"அப்பா வரல்லையா?"
"அவர் தறப்பாள் கட்டிட்டார், அக்கா.
எனக்குப் பிறப்புப் பத்திரம் வேணும்,
கட்டார் ஏஜென்சிக்கு."

பத்து மணிக்கு விண்ணப்பம் தந்தான்.
பதினொன்றரைக்கு முத்திரையும் காய்ந்துவிட்டது.

"இது மட்டும் எப்பிடி அக்கா
ஒரே நாளில?"

பகிடியாகத்தான் கேட்டான். நான்
குனிந்து மைப்பெட்டியின் மூடியைத் தேடினேன்.

யானை வந்ததற்காக ஒருவரும் ஊரைவிட்டுப் போனதில்லை.
வெடி கொளுத்திப் போட்டு, விடியுமட்டும் விழித்திருந்து,
காலையில் மண் குழைப்பார்கள்.
படத்தில் யானை எங்கே என்று கேட்டால்
போகிறார்கள்.

யன்னலைச் சாத்தினேன். வெளியே
இன்னும் நாலு பேர் நின்றார்கள்.
லாச்சிக்குள், கோப்புகளுக்கு அடியில்
என் பெயரிலும் ஒரு படிவம்:
கனடா, முதியோர் பராமரிப்பு.
ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு
அரை வரி இடம் விட்டிருந்தார்கள்.

கை பழக்கத்தில்
"சேர் மீட்டிங்" என்று எழுதிவிட்டது.
வெட்டினேன்.

வெட்டிய படிவம் செல்லாது.
எனக்கே தெரியும், எத்தனை பேரைத் திருப்பியிருப்பேன்.
இனிப் புதுப் படிவத்துக்கு
வேறொரு யன்னலில்
நான் நிற்கவேண்டும்.