நாலரை மில்லி

"வாயுவா, எண்ணெயா?" என்றார் டாக்டர் நெர்மீன்.
ஃபஹாஹீலில் பதினெட்டு வருஷம்,
யாரும் என்னிடம் இப்படி விருப்பம் கேட்டதில்லை.

வாயு தானாகக் கரைந்துவிடுமாம்.
கரையும் வரை விமானம் ஏறக்கூடாது;
உயரே போனால் வீங்கிக்
கண்ணை உள்ளிருந்தே நெரிக்கும்.
எண்ணெய் வீங்காது, கரையவும் கரையாது.
இன்னொரு முறை கத்தி வைத்துத்தான்
எடுக்க வேண்டும்.
என் இகாமா முடிய நாற்பத்தொரு நாள்.
எண்ணெய் என்றேன்.

முதலில் வந்தவை மின்னல்கள், வலது ஓரத்தில்.
சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து என்றிருந்தேன்.
மறுநாள் கீழிருந்து ஒரு கறுப்பு ஏறியது,
டேங்க் நிறைவதைப் போல அவசரமே இல்லாமல்.
நிறையும் டேங்கை எனக்குத் தெரியும்.
கூரைமேல் நின்று
பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை இறக்கி
ஈரம் நின்ற கோட்டைப் படித்துச் சொல்வதே பிழைப்பு.
ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும்
ஃபோர்மேன் வயர்லெஸ்ஸில் கத்துவார்.

இப்போது எனக்குள் நாலரை மில்லி.
உப்பிய பெயின்ட்டைச் சுவரோடு
உள்ளங்கையால் அழுத்துவது போலப்
பிரிந்த விழித்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
நீரைவிட லேசு, மேலேதான் மிதக்கும்.
ஆகவே கண்ணின் முதுகு மேலே,
ஆகவே முகம் கீழே.
பத்து நாள்.

அறையில் என்னோடு ஐந்து பேர்: பத்துக் கால்கள்.
பிலவேந்திரனுக்கு வெடித்த குதிகால்.
மீராசாவின் செருப்பு இடப்பக்கம் தேய்ந்தது.
நேபாளத்துப் பையன்
சுண்டுவிரலுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறான்,
ஏன் என்று கேட்கவில்லை.
இரவில் ஒருவர் வந்து
என் சொட்டு மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில்
நகர்த்திவைத்துவிட்டுப் போகிறார்.
சாக்ஸ் போட்டிருப்பதால் யாரென்று தெரியவில்லை.

போனைத் தரையில் மல்லாத்திவைத்து
வடிவிடம் பேசினேன்.
"மோட்டுவளைப் பல்லி மாதிரி இருக்கீங்க" என்றாள்.
சிரித்தேன்,
சிரிப்பைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.
ஒரு துளி அவள் நெற்றியில் விழுந்தது.
"அழாதீங்க."
"மருந்து" என்றேன்.
மருந்துதான்.

பதினோராம் நாள் நிமிர்ந்தேன்.
எல்லாரும் குளியலறைக் கண்ணாடிக்கு
அந்தப் பக்கம் நிற்பவர்களைப் போல இருந்தார்கள்.
டாக்டர் விரல் காட்டினார். இரண்டு. சரி.
ஆறு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும்,
விட்டால் பொடிப்பொடியாய் உடைந்து
மீன்முட்டை போல மிதக்கும் என்றார்.
எங்கே எடுப்பது என்று அவர் சொல்லவில்லை.
ஊரில் என்றால் யார் காசு,
இங்கே என்றால் யார் விசா,
நானும் கேட்கவில்லை.

"மூஞ்சியப் பாருய்யா, மறந்துட்டியா" என்று
பிலவேந்திரன் முன்னால் வந்து நின்றான்.
நான் குனிந்து காலைப் பார்த்தேன்.
வெறுங்கால்.
மற்ற எட்டும் வெறுங்கால்.
ஜன்னல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது
ஒரு ஜோடி சாம்பல் சாக்ஸ்.
யாரோடது என்றேன்.
ஐந்து பேரும் ஒரே குரலில்
என்னோடதில்லை என்றார்கள்.