அரைக் கிளச்

நாற்பத்தோராயிரம் கிலோமீட்டரில்
செத்துப்போனது அந்த வெள்ளை பிக்கப்.
டீசல் வண்டி, மூன்று லட்சம் ஓடும் என்றார்கள்
கையெழுத்துப் போட்ட அன்று.
தவணை இன்னும் அறுபத்திரண்டு மாதம் பாக்கி.

முதலில் ஒரு சத்தம்.
நியூட்ரலில் நிற்கும்போது
தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல்.
கிளச்சை மிதித்தால் அடங்கும்,
விட்டால் திரும்ப வரும்.
யுவனேஸ் ரேடியோவைக் கூட்டி வைத்தான்.
ரொஸ்லி டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தான்.
நானும் கேட்டேன், சொல்லவில்லை.
சொன்னவன் தலையில்தான் விடியும்.

பிறகு நடுக்கம். பிறகு வாசனை,
எரிந்தும் எரியாத ரப்பர் செருப்பின் வாசனை.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பாலத்தின் நடுவில்
எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை.
கீழே கடல்.
பின்னால் பினாங்குக்கு வேலைக்குப் போகும் அத்தனை பேரின் ஹாரன்.

பிறையில் கீட் லியோங் பட்டறை.
கியர்பாக்ஸை இறக்கி
அட்டை விரித்து வைத்தான் ஃப்ளைவீலை.
ஒரே இரும்பு என்று நினைத்திருந்தேன்.
இரண்டு. ஒன்றின்மேல் ஒன்று,
நடுவே சுருள்வில்.
எஞ்சின் உதறும் ஒவ்வொரு உதறலையும்
வாங்கி விழுங்கி
கியர்பாக்ஸுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது அதன் வேலை.
மேல்தட்டைப் பிடித்து அவன் திருக
விழப்போகும் பல்லாய் ஆடியது.
முகமெல்லாம் நீலம்,
மயில் கழுத்து நீலம். அழகாகத்தான் இருந்தது.
"பானாஸ்" என்றான் கீட் லியோங்.
"யாரோ காலை எடுக்கவே இல்லை."

வாரண்டிக்காரன் படம் எடுத்துப் போனான்.
மூன்றாம் நாள் ஒற்றை வரி வந்தது:
ஓட்டுநர் பழக்கம்.

அன்று மாலை கடையில்
டைல்ஸ் மாதிரிப் பலகைக்கு எதிரே
மூன்று இடது கால்களும் விசாரணைக்கு நின்றன.
ஏழாயிரத்து நானூறு ரிங்கிட்டை
மூன்றால் வகுத்தார் முதலாளி,
எங்களுக்குத் தெரியும்படி கால்குலேட்டரைத் திருப்பி.
யுவனேஸ் அவர் அக்காள் மகன்.
சற்று யோசித்து
இரண்டால் வகுத்தார்.

ரொஸ்லி என் காலைப் பார்த்தான்.
நான் அவன் காலைப் பார்த்தேன்.
நாலு வருடம் ஒரே பொட்டலம் நாசி லெமாக்கைப்
பங்கு போட்டவர்கள்.
அவன் ஜப்பான் செருப்போடு ஓட்டுவான்.
அதைச் சொல்லிவிட்டேன்.

இரவு தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன்.
ஒரு பெட்டி டைல்ஸ் முப்பத்திரண்டு கிலோ.
வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பது ஒரு டன்,
அதாவது முப்பத்தோரு பெட்டி.
நாங்கள் ஏற்றியது நாற்பத்தெட்டு.
"கூட ரெண்டுதானே, கூட ரெண்டுதானே" என்று
ரெண்டு ரெண்டாக வளர்ந்த நாற்பத்தெட்டு.
தஞ்சோங் பூங்கா குன்றின்மேல் கொண்டோ.
கார்பார்க் ஏற்றத்தில் ஐந்து வளைவு,
உச்சியில் தடுப்புக் கம்பி.
காவலாளி மீகோரெங்கை மூடி வைத்து
எழுந்து வரும்வரை
வண்டி பின்னுக்கு உருளாமல் தாங்கியது எது?
ஹேண்ட் பிரேக் தளர்ந்து எட்டு மாதம்.
மாற்றச் சொல்லி பில் புத்தகத்தின் பின்னட்டையில்
இரண்டு முறை எழுதியிருக்கிறேன்,
தேதி போட்டு, கு. தணிகைவேல் என்று கையெழுத்தும் போட்டு.
தாங்கியது ஒரு கால்.
பாதி மிதித்து, பாதி விட்டு,
போகாமலும் வராமலும்.
என் காலோ, ரொஸ்லி காலோ, அந்தப் பையன் காலோ,
அந்த ஏற்றத்தில் அது ஒரே கால்தான்.

காலையில் டெலிவரி ரசீதுகளை அள்ளிப்போய்
மேசையில் வைத்தேன்.
இருநூற்றுப் பதினாறு. எல்லாவற்றிலும் பெட்டிக் கணக்கு.
மேலே பின்னட்டையைக் கிழித்து வைத்தேன்.
முதலாளி நாலைந்து புரட்டினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சரி, பிறகு பார்ப்போம்" என்றார்.
சம்பளத்தில் பிடிப்பார்களா இல்லையா,
முப்பதாம் தேதி தெரியும்.

புதுசுக்கு ஒற்றை இரும்பாகவே போடச் சொல்லிவிட்டார்,
சுருள்வில் இல்லாதது, பாதி விலை.
உதறல் முழுக்க மேலே வரும் என்று
கீட் லியோங் இரண்டு தடவை சொன்னான்.
வருகிறது.
பெடல் வழியாக, கணுக்கால் வழியாக, முழங்கால் வரை.
இனி அதை வாங்கி வைத்துக்கொள்ள
நடுவில் யாரும் இல்லை.

இன்று நாற்பத்தாறு பெட்டி.
ரொஸ்லி ஷூ வாங்கியிருக்கிறான்.
கறுப்பு. கயிறு கட்டுவது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.