காலி செய்தவர்கள்

காந்தி ரோடு லாட்ஜ், பன்னிரண்டாம் அறை.
குளியலறைச் சல்லடையில் ஏறி வந்தது
அறுந்த ஷூ லேஸ் மாதிரி ஒன்று.
தலை எந்தப் பக்கம் என்று
அதற்கே சந்தேகம் போல.

"காதுக்குள்ள பூந்துடும்க்கா"
பினாயில் வாளியோடு பர்வீன்
துப்பட்டாவை இறுக்கிக் கட்டினாள்.

மால்டாவிலிருந்து வந்த அம்மாள்
(கணவருக்கு மறுநாள் மூன்றாம் கீமோ)
குனிந்து பார்த்துச் சிரித்தார்.
பதினோரு நாளில் முதல் சிரிப்பு.
"புயே சாப்" என்றார். அவர் ஊரிலும் உண்டாம்.
எதிர் அறை மாலத்தீவுக்காரரும் எட்டிப்பார்த்து
எங்கள் தீவிலும் என்று சைகை காட்டினார்.

ராத்திரி ரிசப்ஷனில் செல்போனில் தேடினேன்.
பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து
ஃபிஜி, ஃப்ளோரிடா வரை போயிருக்கிறது.
ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர்களுக்காவது
பேரேட்டில் பெயர் இருந்தது.
ஆணே இல்லாத இனம்;
ஒருத்தி போய்ச் சேர்ந்தால் போதும்.
கண் என்பது மைப்புள்ளி,
வெளிச்சமா இருட்டா, அவ்வளவுதான் தெரியும்.
பங்காளிகளில் ஒன்றுக்கு
மூக்கு கிளி அலகாய் வளைந்திருக்கும்.
சில, பிறந்த மலையை விட்டு
இறங்கியதே இல்லை.

பர்வீன் அதை முறத்தில் வாரி
வாசல் குரோட்டன்ஸ் தொட்டியில் போட்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில்
அந்தக் குரோட்டன்ஸில் ஒரு கன்று கேட்டார் அம்மாள்.
வேரோடு, ஈர மண்ணோடு
மாத்திரைக் கடைப் பையில் கட்டிக்கொடுத்தோம்.
காட்பாடிக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

பதிவேட்டில் எழுதினேன்:
அறை 12, காலி, இரண்டு பேர்.
எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை.