பயணப்படி

வல்பரைசோவில் எங்கள் குன்றின் இழுவைப் பெட்டி
மார்ச்சில் நின்றுபோனது.
"மூன்று வாரம்" என்று அட்டை தொங்கவிட்டார்கள்.
மூன்றை யாரோ அடித்து ஆறாக்கினார்கள்.
பிறகு அட்டையே காற்றோடு போயிற்று.

நூற்று எழுபத்திரண்டு படிகள்.
நகராட்சி எனக்குத் தந்த பயணப்படி.
படிக்கொரு வசவு, முதல் வாரம்:
பாதி அவர்களுக்கு, பாதி என் முழங்காலுக்கு.

சுங்க அலுவலகத்தில் நாளெல்லாம்
பிறர் சரக்குக்கு முத்திரை குத்துகிறவள் நான்.
மதியச் சாப்பாட்டை நின்றபடி விழுங்குவேன்.
தூக்கத்திலும் உன் கை குத்துகிறது என்பான் ரெமிஹியோ.

அறுபதாவது படியில் மூச்சு முட்டியது.
உட்கார்ந்தேன்.
பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்தேன்.
மஞ்சள் நாயொன்று வந்து, பங்கு கேட்காமல்,
பக்கத்தில் அமர்ந்து துறைமுகம் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
பதினெட்டு வருடம் தாளில் மட்டுமே கண்ட கப்பல்கள்,
இவ்வளவு மெதுவாகவா திரும்பும்?

ஜூலையில் டாக்டர் ஒசோரியோ
ரத்த அழுத்தக் கருவியை இருமுறை தட்டிப் பார்த்தார்.
"உப்பைக் குறைத்தாயா, இஸ்மேனியா?"
"இல்லை, படியைக் கூட்டிவிட்டார்கள்."
நாயைப் பற்றிச் சொல்ல வந்தேன்,
வெளியே வரிசை நீளம்.

ஆகஸ்டில் பெட்டி ஓடியது, புதுப் பச்சைப் பூச்சோடு.
கையில் மீன் இருந்ததால் ஏறினேன்.
எண்பது நொடிப் பயணம்.
கண்ணாடிக்கு வெளியே அறுபதாவது படி
விறுவிறுவென்று கீழே போனது.
நாய் தலைதூக்கிப் பார்த்தது.

மேலே இறங்கினேன்.
வீடு நான்காவது கதவு.
மீன் கொஞ்சம் காத்திருக்கட்டும்.
நூற்றுப் பன்னிரண்டு படி
கீழே நடந்தேன்.