நியாய விலை

ஆயிரத்து இருநூறு என்றான் சீனி அசன்.
வாப்பா சார்ஜாவிலிருந்து கட்டி வந்த சீக்கோ.
பெட்டி இல்லை, சீட்டு இல்லை,
பட்டை மட்டும் கீழக்கரையில் மாற்றியது.
நண்டுத் தராசுக்குப் பக்கத்தில்
ஈரம் படாத சாக்காகப் பார்த்து வைத்தான்.

முந்தானையில் கையைத் துடைத்து எடுத்தேன்.
எடுக்கும்போதே கனம் சொல்லிவிட்டது.
நண்டும் அப்படித்தான்:
ஓடு பெரிதாயிருந்து கை லேசாயிருந்தால்
உள்ளே வெறும் தண்ணீர்.

காதில் வைத்தேன். முதலில் கடல்தான் கேட்டது,
கொஞ்சம் பொறுத்து அதற்குள்ளே இது.
செகண்ட் முள் தத்தவில்லை, வழுக்கிப் போனது.
முதுகைத் திருப்பினால்
மூடியில் கத்தி வைத்து நெம்பிய காயம் இல்லை.
கண்ணாடியில் கீறல், அதற்கு நூறு கழிக்கலாம்.
ஆறு மணிப் பக்கம் நூல் போல ஒரு துரு,
கழுவி எண்ணெய் போட எழுநூறு.
கிழமைக் கட்டத்தில் அரபி எழுத்து.
மும்பையில் சாயம் அடித்து வருகிறவை
கல்யாண வீட்டுச் சுவர் போல மினுங்கும்.
இது மினுங்கவில்லை,
எண்களின் ஓரம் பழுத்துக் கிடந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
அரண்மனைப் பக்கம் கடிகாரம் பழுது பார்த்த ஒருவனோடு
மூன்று வருடம் குடித்தனம் நடத்தினேன்.
அதில் தேறியது இவ்வளவுதான்.

கழித்தது போக மூவாயிரம் பெறும்.
வாயை மூடிக்கொண்டு
ஆயிரத்து இருநூறை எண்ணிக் கொடுப்பதுதான் வியாபாரம்.
பதினோரு வருடமாகக் கரையில் நான் செய்வதும் அதைத்தான்.
கம்பெனி என்ன விலைக்கு எடுக்கிறது என்று
நண்டு கொண்டுவருகிறவர்களிடம் சொன்னதில்லை.
அவர்கள் கேட்டதுமில்லை.
கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா?
இந்த ஊரில் நியாய விலை என்று எழுதிப் போட்டிருப்பது
ரேஷன் கடையில் மட்டும்,
அதுவும் பாதி நாள் பூட்டு.

அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ.
"தம்பி, இது அதுக்கு மேல போகும்.
ரெண்டாயிரத்து எண்ணூறு தர்றேன்."

அவன் சிரிக்கவில்லை.
என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்,
மறுபடி என்னை.
வாங்குகிறவளே விலையை ஏற்றினால்
சும்மா ஏற்றுவாளா?
"வீட்ல கேட்டுட்டு வர்றேன்க்கா."
சட்டைப்பையில் போட்டு
மேலே கையையும் வைத்து அமுக்கிக்கொண்டு போனான்.
கூடக் கொடுக்க வந்து
திருடியைப் போல நின்றேன்.

ஐந்தாம் நாள் வந்தான்.
ராம்நாட்டில் ஒரு கடை தொள்ளாயிரம் என்றதாம்.
இன்னொரு கடை, கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்துவிட்டு, அறுநூறாம்.
பத்தாயிரத்துக்குக் குறைந்து கொடுக்காதே என்ற மாமா
தான் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லையாம்.
"நீங்க சொன்னதுக்கே தர்றேன்.
ஆனா உண்மையைச் சொல்லுங்க,
எதுக்காகக் கூடச் சொன்னீங்க?"

பதில் இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.
நண்டு வாடை அடிக்கும் நோட்டுகளை எண்ணினேன்.
அவன் இரண்டு தரம் எண்ணினான்.
போகும்முன் கிழமையை வாசித்துக் காட்டினான்:
"இது செவ்வாய். இன்னைக்கு வியாழன்.
திருகி வச்சுக்கங்க."

ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் முந்துகிறது.
அதற்கும் ஓர் இருநூறு குறைத்திருக்கலாம்.

மறுநாள் கருக்கலில் முதல் வள்ளம் வந்தது.
கூடை நிறைய நீலக்கால் நண்டு,
வயிற்றோட்டை அமுக்கினால் கல்.
வழக்கமாகச் சொல்வதற்கு மேல்
கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட்டிச் சொன்னேன்.

நம்புத்தாய் என் மணிக்கட்டையே பார்த்தாள்.
பிறகு ஈரச் சாக்கை இழுத்து
கூடையை மூடிக்கொண்டாள்.